வீட்டில் ஒருவர் இறந்த பிறகு செய்ய வேண்டியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சாவு வீட்டிலும் ஓடியாடுகிற ஆள் என்று ஒருவர் அமைந்துவிடுவார். மருமகன், தம்பி மகன், சில சமயம் மூத்த மகளே. அழக்கூட நேரமில்லாமல் ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆளுக்காகத்தான் இது. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறேன். சட்டங்கள் பெரும்பாலும் நாடு முழுக்க ஒன்றுதான், அலுவலகங்களும் படிவங்களும்தான் மாறும். முதல் மூன்று வாரத்தில் தவறவிடக் கூடாத எழுத்து வேலை என்றால் இறப்புப் பதிவுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை காத்திருக்கும். காத்திருக்காத சிலதும் உண்டு, அவற்றை அங்கங்கே சொல்கிறேன்.

வீட்டிலேயே உயிர் போய்விட்டது. முதலில் யாரைக் கூப்பிடுவது?

டாக்டரை. அதுவும் முடிந்தவரை அவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்த்த டாக்டரை. இறந்ததையும் என்ன காரணத்தால் இறந்தார் என்பதையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், நகரத்துச் சுடுகாடுகளில் அந்தத் தாள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய் நின்றால் "நான் பார்த்த பேஷன்ட் இல்லையே" என்று தயங்குவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் பழைய சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்கும் ஃபைலைக் கையோடு எடுத்துப் போங்கள். 108 உயிரோடு இருப்பவர்களுக்கான வண்டி, உடலை ஏற்றாது.

கீழே விழுந்து இறந்தார், பாம்பு கடித்தது, கரண்ட் அடித்தது. "போலீஸ் எல்லாம் வேண்டாம், எடுத்துவிடலாம்" என்கிறார்கள். சரியா?

வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், உடலை அறுக்க வேண்டாமே என்று. ஆனால் இயற்கையாக இல்லாத எந்தச் சாவுக்கும் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விபத்துக் காப்பீடு எதைக் கேட்டாலும் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றுக்கு உடனடி ஆஸ்பத்திரிப் பதிவாவது இருக்க வேண்டும். எரித்த பிறகு இவை எதையும் உண்டாக்க முடியாது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும், அதற்கு நேரமாகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை இலவசம். துணி சுற்றுவதற்கு, பேக்கிங்குக்கு என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சூரியன் மறைந்த பிறகும் வசதியுள்ள மருத்துவமனைகளில் செய்யலாம் என்று மத்திய அரசு 2021 நவம்பரிலேயே அனுமதித்திருக்கிறது. கொலை, தற்கொலை போன்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது.

அரசு மருத்துவமனையிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக என்ன வழி?

அமரர் ஊர்தி. எண் 155377, கட்டணம் இல்லை. வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்காரர் பேரம் பேசுவதற்குள் அந்த எண்ணுக்கு ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள். வண்டி வரத் தாமதமாகும் நாட்களும் உண்டு, ஆனாலும் கேட்காமலே விடாதீர்கள்.

கண் தானம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருக்கிறதா?

ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது. பக்கத்தில் இருக்கும் கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை வைத்து உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஏ.சி. ஓடலாம். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், வயதானவர் யாரும் கொடுக்கலாம். அவர் எழுதிக் கொடுத்த அட்டை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். முகம் விகாரமாகிவிடும் என்று யாராவது பயந்தால், அப்படி எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள். முழு உடல் தானம் வேறு விஷயம். அதற்கு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையிடம் பேச வேண்டும், பிரேதப் பரிசோதனை நடந்த உடலை வழக்கமாக வாங்கமாட்டார்கள்.

இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது? எத்தனை நாளுக்குள்?

1969ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், அதற்குள் என்றால் கட்டணம் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்தால் அப்புறம் ஐந்து நாள்தான் மிச்சம், அந்த ஐந்து நாளில் சனி ஞாயிறும் வந்துவிடலாம். ஆகவே மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

எங்கே என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். சொந்த ஊர் எது என்பது கணக்கில்லை, உயிர் பிரிந்த இடம்தான் கணக்கு. விழுப்புரத்துக்காரர் புதுச்சேரி ஜிப்மரில் இறந்தால் பதிவு புதுச்சேரியில்தான், விழுப்புரத்து வி.ஏ.ஓ.வால் ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவமனையில் இறந்தால் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் இறந்தால் வீட்டார்தான் சொல்ல வேண்டும், கிராமமானால் வி.ஏ.ஓ.விடம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியானால் அங்குள்ள பிறப்பு இறப்புப் பிரிவில். டாக்டர் கொடுத்த தாள், சுடுகாட்டு ரசீது, இறந்தவரின் ஆதார், தகவல் சொல்பவரின் ஆதார் எல்லாம் வேண்டும். சுடுகாட்டு ரசீதைச் சட்டைப் பையில் வைத்துத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள், அடிக்கடி நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் உடலோடு சேர்த்துக் கொடுக்கும் தாளை இறப்புச் சான்றிதழ் என்று நினைத்து ஃபைலில் வைத்துவிடுபவர்களும் உண்டு. அது மருத்துவ அறிக்கை, வங்கியில் செல்லாது. பதிவாளர் கொடுப்பதுதான் சான்றிதழ்.

பெயரை எப்படி எழுதிக் கொடுப்பது? ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கிறதே.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் ஒரே மனிதர் ஆதாரில் "முருகேசன் கு", பாஸ்புக்கில் "கே.முருகேசன்", எல்.ஐ.சி. பாலிசியில் "குப்புசாமி முருகேசன்", 1987ஆம் வருடக் கிரயப் பத்திரத்தில் "முருகேச பிள்ளை", ஊரில் "மணி". ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போது கூட வந்த பையன் அவசரத்தில் "மணி, 60 வயது" என்று சொல்லியிருப்பான். அதுவே இறப்புப் பதிவிலும் ஏறிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு கவுண்டரிலும் "இவர்தான் அவர்" என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பொதுவாக ஆதாரில் இருக்கிறபடியே எழுதுங்கள், ஆங்கில எழுத்துகள் உட்பட. அதன் பிறகு வங்கி, நிலம், பாலிசி மூன்றையும் எடுத்து வைத்து எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருப்பதற்கு யாரும் பெரிதாகச் சண்டை போடமாட்டார்கள், பெயரே வேறாக இருந்தால்தான் சிக்கல். அதற்கு நோட்டரியிடம் இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டி வரும். இறந்தவரின் பெயரோடு தகப்பனார் பெயர், தாயார் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், நிரந்தர முகவரி எல்லாவற்றையும் பாருங்கள். பதிவாளர் கணினியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். மருத்துவமனையில் இறந்திருந்தால், அவர்கள் விவரத்தை அனுப்புவதற்கு முன்பே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிவான பிறகு திருத்த முடியாது என்றில்லை, சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் இங்கே பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அங்கே மாதக்கணக்கில் இழுக்கும்.

21 நாள் தாண்டிவிட்டது. இனி என்ன?

30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். 30 நாளுக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் முன்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தத்துக்குப் பிறகு அது வருவாய்த் துறை வழியாகவே, அதாவது கலெக்டர், சப்-கலெக்டர், ஆர்.டி.ஓ. மட்டத்தில் உத்தரவு வாங்கிப் பதியும்படி ஆகிவிட்டது. பாட்டி 1990இல் செத்தது பதியவே இல்லை, இப்போது நிலத்துக்கு வேண்டும் என்பவர்கள் இந்த வழிக்குத்தான் வர வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் யார் கொடுப்பார்கள்?

தாசில்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட வேண்டும், கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், அங்கிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்கு ஏறும். இறப்புப் பதிவு இறந்த இடத்தில் என்றேன் அல்லவா, வாரிசுச் சான்றிதழ் அப்படியில்லை, அவர் நிரந்தரமாகக் குடியிருந்த ஊரின் தாலுகாவில்தான் கேட்க வேண்டும். ஒரிஜினலைக் கலரில் ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லுங்கள். மங்கிய ஜெராக்ஸை ஏற்றினால் வி.ஏ.ஓ. திருப்பிவிடுவார், மறுபடி முதலிலிருந்து.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வரும்போது குடும்பத்தில் யார் யார் என்று கேட்பார். இங்கேதான் வேலை கெட்டுப்போகும். கல்யாணமாகிப் போன பெண்ணை விட்டுவிடுவது, இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தும் எழுதாமல் விடுவது, ஏற்கெனவே இறந்துபோன மகனின் பிள்ளைகளை மறப்பது. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்துக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். தாயாருக்கும் ஒரு பங்கு உண்டு, அப்பாவுக்கு முதல் வகுப்பில் இடமில்லை. இறந்தது பெண் என்றால் முதலில் கணவரும் பிள்ளைகளும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. யாரை விட்டாலும் அந்த ஆள் பிற்பாடு ஒரு வழக்குப் போட்டால் பத்து வருடம் முன்பு செய்த பத்திரம்கூட ஆட்டம் கண்டுவிடும். ஆகவே பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனாக இருந்தாலும் பெயரைச் சேருங்கள். அந்தச் சான்றிதழ் யார் வாரிசு என்றுதான் சொல்கிறது, யாருக்கு எவ்வளவு என்று சொல்வதில்லை. பெயரைச் சேர்ப்பதால் அன்றைக்கே எதுவும் கைவிட்டுப் போய்விடாது.

இரண்டு குடும்பம் இருந்தால் தாசில்தார் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். இரண்டாவது திருமணம் செல்லாது என்றாலும் அதில் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பனின் பங்கில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதை மறைத்துச் சான்றிதழ் வாங்கிப் பிறகு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

வங்கியில் "சக்சஷன் சர்டிபிகேட்" கேட்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் போதாதா?

இரண்டும் வேறு. சக்சஷன் சர்டிபிகேட் என்பது 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சிவில் கோர்ட் கொடுப்பது, வங்கிப் பணம், பங்குகள் போன்றவற்றுக்கானது. கோர்ட் கட்டணம், வக்கீல் செலவு, மாதக்கணக்கில் அலைச்சல் எல்லாம் அதில் உண்டு. நாமினி இருந்தால் இது தேவையே இல்லை. நாமினி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, தகராறும் உயிலும் இல்லாத கணக்கில் 15 லட்சம் ரூபாய் வரை வணிக வங்கிகள் எளிய முறையில் தீர்க்க வேண்டும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை. எல்லாத் தாளும் கொடுத்த பிறகு 15 நாளில் பணம் வர வேண்டும், வங்கியால் தாமதமானால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை 2026 மார்ச் 31க்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கிளையில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. கோபப்படாமல் கேட்டதை எழுத்தில் கேளுங்கள், மறுப்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் என்றதும் பல கவுண்டர்களில் குரல் மாறிவிடுகிறது.

அவருடைய ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர் தெரியும். காரியச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், ஆனால் சட்டப்படி கூடாது. கணக்குக்காரர் இறந்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுக்கும் சேர்ந்தது. ஒற்றுமையாக இருக்கும் குடும்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், கசப்பு வந்த பிறகு அந்த 40,000 ரூபாய்தான் முதலில் பஞ்சாயத்துக்கு வரும். கூட்டுக் கணக்காக இருந்து, இருவரில் யாரும் இயக்கலாம், உயிரோடிருப்பவருக்குச் சேரும் என்ற ஏற்பாடு இருந்தால் மற்றவர் தாராளமாக எடுக்கலாம்.

நாமினி நான்தான். அப்போது பணம் என்னுடையதுதானே?

வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுடையது. பணம் உங்களுடையது என்று அர்த்தமில்லை. வாரிசுகள் சார்பாகப் பெற்று வைத்துக்கொள்கிறவர்தான் நாமினி என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே ஒரு எல்.ஐ.சி. வழக்கில் சொன்னது, பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஒரு விலக்கு, பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். பி.எஃப்.பில் இன்னொரு சங்கதி, கல்யாணத்துக்கு முன்பு அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால் கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது. எத்தனை பேர் மாற்றுகிறார்கள்?

என்னென்ன பாலிசி இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டு மூன்று வருட வரவு செலவை என்ட்ரி போட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் போங்கள். மே, ஜூன் பக்கம் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி, எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா பீமா, விபத்தில் இறந்திருந்தால் 2 லட்சம். பல வருடம் முன்பு வங்கியில் யாரோ கையெழுத்து வாங்கியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனால் பணம் வருடா வருடம் போய்க்கொண்டிருக்கும். ஜீவன் ஜோதிக்கு 55 வயது வரைதான், சுரக்ஷா பீமாவுக்கு 70. இந்த இரண்டுக்கும் விண்ணப்பத்தை ஒரு மாதத்துக்குள் வங்கியில் கொடுத்துவிடப் பாருங்கள், காத்திருக்காதவை என்று சொன்னேனே, அதில் இது ஒன்று. ரூபே கார்டுக்கும் விபத்துக் காப்பீடு இருக்கலாம், அதையும் அப்போதே கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தொகை போயிருந்தால் எல்.ஐ.சி.யோ தபால் ஆயுள் காப்பீடோ இருக்கும். மாதம் ஒரே தேதியில் போனால் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்ட் மாத முதலீடு), சீட்டு, அல்லது கடன். நகைக் கடன் அட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கும், அடகுக் கடை ரசீது சாமி படத்துக்குப் பின்னால். பழைய டைரியின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். கைமாற்றுக் கொடுத்தது, வாங்கியது எல்லாம் அங்கேதான் பென்சிலில் இருக்கும். 10 வருடம் கேட்பாரற்றுக் கிடந்த வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும், ஆனால் தொலைந்துவிடாது. உத்கம் என்ற தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், வாரிசு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

பாலிசி எடுத்து மூன்று வருடம் தாண்டியிருந்தால், உடல்நிலையை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. இன்ஷூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவு. ஏஜென்ட் "கஷ்டம்தான்" என்று இழுத்தால் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பி.எஃப். தவிர வேறு வருமா?

வரும். வேலையில் இருக்கும்போதே இறந்தால் இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும், இதற்கென்று தொழிலாளி தனியாக எதுவும் கட்டியிருக்க மாட்டார் என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. மனைவிக்கு மாத ஓய்வூதியம், குறைந்தது 1,000 ரூபாய், கூடவே இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் இந்தக் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் மரணத்துக்குப் பொருந்தாது. எச்.ஆர். ஆள் முதல் வாரத்தில் அக்கறையாகப் பேசுவார், அந்த அக்கறை இருக்கும்போதே படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அரசு ஊழியர் என்றால் அலுவலகமே வழிகாட்டும். கருணை அடிப்படை வேலைக்கு மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் என்றால் கருவூலத்துக்கோ வங்கிக்கோ உடனே சொல்லுங்கள். இறந்த மாதத்துக்குப் பின் ஏறிய பென்ஷனை எப்படியும் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள்.

சாலை விபத்தில் இறந்தார். வக்கீல் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டார்.

அங்கே வைத்துப் போடாதீர்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, அதை வெட்டியாக விடவும் கூடாது, மார்ச்சுவரி வாசலில் முடிவெடுக்கவும் கூடாது. காரியம் முடிந்து, தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்து, எத்தனை சதவீதம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு, அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

கடன்காரர்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறார்கள். நாங்கள் கட்ட வேண்டுமா?

அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு எவ்வளவோ அதுவரைதான். சொத்தே இல்லை என்றால் மகன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கடமை கிடையாது. நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால், கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. கலெக்‌ஷன் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. துக்க வீட்டில் வந்து நின்று "நான் கட்டிவிடுகிறேன்" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டுக் கடனுக்குப் பல சமயம் காப்பீடு சேர்த்தே எடுத்திருப்பார்கள், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகைக் கடன் என்றால் தள்ளிப்போடாதீர்கள், ஏலத்துக்குப் போய்விடும்.

கைமாற்று விவகாரம் சட்டத்தோடு முடிவதில்லை. ஊரில் முகம் பார்க்க வேண்டியவர்கள். அது உங்கள் குடும்பத்தின் முடிவு, ஆனால் நோட்டில் இருக்கிறதா, சாட்சி உண்டா என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

நிலம், வீடு எல்லாம் அவர் பெயரில். என்ன செய்ய வேண்டும்?

அவசரமே இல்லை. முதலில் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். உயில் இருக்கிறதா என்று தேடுங்கள். பதிவு செய்யாத உயிலும் செல்லும், இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். உயில் இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். பிரிப்பது அதற்கப்புறம். பாகப்பிரிவினைப் பத்திரமோ, ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் ஏற்றியது இது.

"அம்மா பேரில் மாற்றத்தான், ஒரு கையெழுத்துப் போடு" என்று அண்ணன் கூப்பிடுகிறார். பத்திரத்தைக் காட்டவில்லை.

அம்மா பெயருக்கா, அண்ணன் பெயருக்கா என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்கச் சொன்னால் அது வெறும் மாற்றம் இல்லை, உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். விட்டுக்கொடுப்பது தவறில்லை, தெரிந்து விட்டுக்கொடுங்கள். "எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கண்ணா, இவரிடமும் காட்டிட்டு வர்றேன்" என்றால் போதும், சண்டை போட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989 முதலே சட்டத்தில் உண்டு. அதற்கு முன்பு கல்யாணமாகிப் போனவர்களுக்கு அன்று அது கிடைக்கவில்லை, 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. துக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, இரண்டு வருடத்தில் அவரை மாறி மாறி மகன்கள் வீட்டில் மாதக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். வீடாவது அவர் பெயரில் அவர் காலம் வரை இருக்கட்டும் என்பேன்.

ரேஷன் கார்டு, ஈ.பி., பைக், சிம் கார்டு?

ஸ்மார்ட் கார்டில் பெயர் நீக்குவது இணையத்திலேயே முடியும், ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்ட பிறகு நீக்குங்கள், பழைய கார்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் அவர் இருந்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஈ.பி., சொத்து வரி, கேஸ் எல்லாம் பில் கட்டிக்கொண்டிருந்தால் ஓடும், நிதானமாக மாற்றலாம். பைக், காரை அப்படி விடக் கூடாது. 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு (இதையும் ஆர்.டி.ஓ. என்பார்கள்) தெரிவித்தால் மூன்று மாதம் வரை அவர் பெயரிலேயே ஓட்டலாம், அதற்குள் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு விபத்து நடந்தால் நிறுவனம் கையை விரித்துவிடும்.

சிம்மை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும், ஒரு வருடமாவது குறைந்த ரீசார்ஜில் உயிரோடு வையுங்கள்.

வருமான வரி கட்டிக்கொண்டிருந்தவர். அது முடிந்ததுதானே?

இல்லை, அந்த நிதியாண்டில் இறந்த தேதி வரை இருந்த வருமானத்துக்கு வாரிசுகளில் ஒருவர் ரிட்டர்ன் போட வேண்டும். தளத்தில் சட்டப் பிரதிநிதி என்று பதிவு செய்துகொள்ளலாம். வரி பிடித்தது திரும்ப வர வேண்டியிருந்தாலும் இதே வழிதான்.

வீட்டில் சம்பாதித்தவர் அவர் ஒருவர்தான். அரசு உதவி ஏதாவது உண்டா?

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதிப்பவர் இறந்தால் ஒருமுறை 20,000 ரூபாய் கிடைக்கும், தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விவசாயி, விவசாயக் கூலி என்றால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை, கட்டடம், ஆட்டோ, தையல் போன்ற வேலை என்றால் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஈமச்சடங்குக்கும் இயற்கை மரணத்துக்கும் தனித்தனியே தொகை உண்டு. நலவாரிய அட்டை புதுப்பிக்காமல் கிடந்தாலும் ஒருமுறை அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பேப்பரில் இரங்கல் விளம்பரம் வந்ததிலிருந்து யார் யாரோ போன் செய்கிறார்கள்.

"உங்கப்பா பாலிசி மெச்சூர் ஆகியிருக்கு, வரி கட்டினால் ரிலீஸ் செய்துவிடலாம்" என்பான். பாலிசிப் பணம் தர யாரும் முன்பணம் கேட்பதில்லை. கிளை எது, பாலிசி எண் என்ன, நேரில் வருகிறேன் என்று சொல்லுங்கள், வைத்துவிடுவான். இரங்கல் போஸ்டரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பிறந்த தேதி போடாதீர்கள். பணம் போயிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள்.